மயில் விளக்கும் இரண்டாவது பேட்டரியும்

ஜூலை 3, புதன்

வேன் வீடு வந்து சேர்ந்தது. பழனிக்கும் பண்ணாரிக்கும் பக்தர்களை ஏற்றிக்கொண்டு திரிந்த வண்டி. சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்துக் கொடுக்கச் சொல்லி, இங்கே கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் விட்டிருந்தேன். அவர்கள் காலமெல்லாம் பஸ் கட்டியவர்கள். கட்டிலுக்கு மேலே வரிசையாகக் கைப்பிடி தொங்கவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். இனி நான் படுத்தபடியே பிடித்துக்கொண்டு பயணம் செய்யலாம்.

முன்கண்ணாடியில் 'முருகன் துணை' என்று பெரிய ஸ்டிக்கர். பிளேடால் சுரண்டினேன். முருகன் வந்துவிட்டார், 'துணை' வரமாட்டேன் என்கிறது. டாஷ்போர்டில் வேறு ஒரு முருகன், மயில் மேல் உட்கார்ந்து, சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாகக் குட்டி விளக்குகளோடு. சாவியைத் திருப்பினால் ரெக்கார்டு டான்ஸ் மேடை கெட்டது. நல்லவேளை, பீடத்துக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது, அணைத்தேன். ஆளையே பெயர்த்துவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தபோது தெய்வானை வந்து பக்கத்தில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் நிற்பதன் பொருள் எனக்குத் தெரியும். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே வைத்துவிட்டேன்.

இந்த வேன் எனக்காக வாங்கியது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியன் கீழடியையும் ஆதிச்சநல்லூரையும் பார்க்காமல் செத்தால் அசிங்கம். தெய்வானை கூட வருகிறாள். போகிற வழியில் ஆறு கோயில் இருந்தால் பார்த்துக்கொள்ளட்டும். ஆறும் முருகன் கோயிலாக இருப்பது தற்செயல்.

ஜூலை 5, வெள்ளி

வேனுக்கு எதற்கு இரண்டு பேட்டரி என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு என்றேன். சிரித்துவிட்டுப் போனார். உண்மையைத்தான் சொன்னேன்.

தெய்வானைக்குத் தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தில் தங்கியபோது முகம் நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நாலு நாள். மூக்கில் மாஸ்க் மாட்டிக் காற்றை ஊதும் மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். அது இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மாஸ்க்கும் குழாயும் மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தவள், "ஏனுங், நம்மூட்டுக்கே பிள்ளையார் வந்துட்டாரு பாருங்" என்றாள். அன்றையிலிருந்து அந்த மெஷினுக்குப் பிள்ளையார் என்று பெயர். நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

அதன்பின் வெளியூர் போய் ஒரு ராத்திரி தங்கியதில்லை. எந்த லாட்ஜில் எப்போது கரண்ட் போகும் என்று யார் கண்டது? ஆறுபடை வீட்டுக்கும் போய்விட்டு வந்துவிடவேண்டும் என்பது அவளுடைய ஆசை. இப்போது அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். வேனின் சொந்த பேட்டரியில் மெஷினை மாட்டினால், காலையில் அவள் எழுவாள், வண்டி எழாது. அதனால்தான் இரண்டாவது பேட்டரி. வண்டி ஓடும்போது அதுவும் சேர்ந்து நிறைய வேண்டும். ஊர் ஊராகப் போகும்போது பிளக் பாயின்ட் தேடி அலைய முடியாது.

நேற்று ராத்திரி முழுக்கக் கொசு. தூக்கமே இல்லை. மெஷின் மட்டும் ஒரே சீராக ஊதிக்கொண்டிருந்தது.

ஜூலை 8, திங்கள்

நாச்சிமுத்து வந்து பார்த்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர். பேச்சுக்கு நடுவில் வேலை செய்யும் ரகம்.

"இப்பத்திய வண்டிங்க படு சிக்கனமுங், வாத்தியாரே. முன்னாடி பேட்டரி நெறஞ்சுதுன்னா என்ஜின்ல கரண்டு எடுக்கற ஆல்டர்னேட்டரு கைய மடக்கிக்கும். நம்ம சார்ஜரு, ஓகோ, வண்டிய நிறுத்திப்போட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுத் தூங்கிரும். பின்னாடி பேட்டரி பட்டினி."

"அப்ப என்ன பண்றது?"

"மெல்லிசா ஒரு வொயரு இழுத்து சார்ஜருக்குக் குடுக்கோணுங். சாவி போட்டதும் உசுர் வர்ற வொயரு. வண்டி ஓடுது, தூங்காதடான்னு அது சொல்லிட்டே இருக்கோணும். அவ்வளவுதானுங் சங்கதி."

புரிந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் பானிப்பட்டுப் போரை இதைவிடச் சிக்கலாக நடத்தியிருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

பேட்டரி, சார்ஜர், மீட்டர் எல்லாம் மாட்டியாயிற்று. ஆடி பிறந்தால் புதிதாக எதையும் தொடக் கூடாது என்று தெய்வானை நெருக்கினாள், நல்ல நேரம் பார்க்கச் சொன்னாள். நான் ஒன்றரை மணிக்கு முதல் நட்டை முடுக்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் தினமும் காலண்டரில் ராகு காலம் பார்ப்பது நான் ஒருவன்தான். பார்த்தால்தானே அதில் ஆரம்பிக்க முடியும்?

நாச்சிமுத்து பேட்டரி மேல் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். துடைத்தேன். நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மறுபடி வைத்திருக்கிறார். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு அவர் வெகு நேரம் முனகிக்கொண்டிருந்தார், பிறகு "ஆயிப்போச்சுங்" என்று வெளியே வந்தார். தெய்வானை உட்கார்ந்து விளக்கைப் போட, நாலு தெரு சுற்றி வந்தோம். சார்ஜரில் பச்சை எரிந்தது. மீட்டரில் நாலு கோடு, முழுசு.

ஜூலை 15, திங்கள்

முதல் பரீட்சை. ராத்திரி மெஷின் அவளுக்கு வேண்டும் என்பதால், நேற்றுப் பகல் முழுக்க அதை வேனில் ஓட விட்டேன், தலையணைக்கு மாஸ்க் மாட்டி. காலையில் மீட்டரில் ஒரு கோடு. அது நியாயம். முருகனை அணைத்துவிட்டு, குளித்தலை வரை போய் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். இப்போது நாலு கோடு இருக்க வேண்டும்.

ஒரு கோடுதான் இருக்கிறது.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். சார்ஜரை மாற்றினார். தெய்வானையை அழைத்து, "அக்கா, சித்த ஏறி உக்காருங், வெயிட்டு இருந்தாத்தான் தெரியும்" என்றார். மூவரும் ஒரு வட்டம் போய் வந்தோம். கோடு ஏறியது. பழைய சார்ஜர்தான் கோளாறு என்று முடிவு செய்தோம்.

ஜூலை 19, வெள்ளி

தனியாக ஈரோடு வரை போய் வந்தேன். ஏறவில்லை. புது சார்ஜரும் கோளாறு.

ஜூலை 24, புதன்

பேட்டரியையே மாற்றிக் கொடுத்தார் கடைக்காரர். நாமக்கல் போய் வந்தேன், வழியில் கண்ணை உறுத்திய விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாக ஓட்டினேன். ஏறவில்லை.

பெங்களூரிலிருந்து மகள் பேசினாள். அவளுக்கு நான் வைத்த பெயர் தமிழ்ச்சுடர். அவள் அம்மா கூப்பிடுவது வள்ளி. இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாள், ரேஷன் கார்டுக்கு மட்டும் குழப்பம்.

"அப்பா, அம்மாவ வெச்சு விளையாடாதீங்க. ஒரு ராத்திரி மெஷின் நின்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்மா. அதுக்குத்தான் பரீட்சை பண்ணிட்டிருக்கேன்."

"அப்ப பாஸ் ஆனப்புறம் போங்க. ஆடி முடியறதுக்குள்ள அது சரியா நிறையலைன்னா, வேனை வித்துடுங்க. நான் லீவு போட்டு வந்து நானே வித்துட்டுப் போவேன்."

வாத்தியார் மகள். கெடு வைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

ஜூலை 30, செவ்வாய்

தெய்வானை வேனில் சாமான் அடுக்கியிருக்கிறாள். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஆறு தேங்காய். கோயிலுக்கு ஒன்றாம். போகிறோமா இல்லையா என்று என்னிடம் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ராத்திரி கொசு.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. கொடுமுடி ஆற்றுக்குப் போகவேண்டும் என்றாள். அழைத்துப் போனேன், சாரதியாக. ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக மயில் விளக்கைப் போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். ஆற்றங்கரையில் கூட்டம், மஞ்சள் கயிறு, முளைப்பாரி. நான் வேனுக்குள் உட்கார்ந்து ஒரு பன் தின்றேன்.

வீட்டுக்கு வந்து மீட்டர் பார்த்தால் நாலு கோடு. போக முப்பது, வர முப்பது கிலோமீட்டரில் முழுசாக ஏறியிருக்கிறது.

"ஏனுங், பாத்தீங்ளா?" என்றாள்.

"காவேரிக்காத்து" என்றேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தனியாகப் போனேன். ஏறவில்லை. இந்த வண்டிக்கு என்னைப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தெய்வானை காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் கூட வர்றப்ப நெறையுது. நீங்க தனியாப் போறப்ப நெறைய மாட்டீங்குது. வித்தியாசம் என்னன்னா, நான் வந்தா லைட்டு எரியுதுங். அந்த மயில் லைட்டப் போட்டுட்டு ஒரு நாளு, அணைச்சுட்டு ஒரு நாளுன்னு போய்ப் பாத்துப்போடலாமுங்."

எனக்குத் தலை சூடானது. நாற்பது வருஷம் பகுத்தறிவு மன்றத்து மேடையில் பேசியவன், முருகன் பொம்மைக்கு விளக்குப் போட்டுப் பேட்டரி சோதிப்பதா? "இதைச் சோதிச்சுப் பாக்கறதே அறிவுக்கு இழுக்கு" என்றேன்.

"சோதிச்சுப் பாக்காம எதையும் நம்பக் கூடாதுன்னு நீங்கதானுங் வள்ளிக்குச் சொல்லுவீங்?"

செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். அவள் நாச்சிமுத்துவுக்குப் போன் செய்வது கேட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

என் வேனில், என் மனைவியும் என் எலக்ட்ரீஷியனும், என் அனுமதி இல்லாமல், இரண்டு நாள் ஆராய்ச்சி நடத்திவிட்டு வந்தார்கள். நேற்று விளக்குப் போட்டு வெள்ளக்கோயில் வரை: நிறைந்தது. மத்தியானம் மெஷினை ஓட விட்டுக் கோட்டை இறக்கிவிட்டு, இன்று விளக்கை அணைத்து அதே வெள்ளக்கோயில்: ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது நாச்சிமுத்துவின் முகம் சரியில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் படுத்தார். வெகு நேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது அதுதான் முதல் முறை.

"வாத்தியாரே, தப்பு என்ரதுதானுங்."

"என்ன?"

"டேஷ்போர்டப் பிரிக்காம, சாவி போட்டா உசுர் வர்ற வொயரு கைக்குச் சிக்குனது இந்த மயில் லைட்டு வொயருதானுங். அதுலருந்துதான் சார்ஜருக்கு இழுத்தேன். சுவிட்சுக்கு முன்னாடி இழுத்திருக்கோணும். பின்னாடி இழுத்துப்புட்டேன். லைட்ட அணைச்சா சார்ஜரும் தூங்கிப்போகுது."

"அணைச்சா என்ன ஆகும்னு யோசிக்கலையா?"

"சாமி லைட்ட எவனுங் அணைப்பான்?"

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு திடீரென்று எனக்கு ஆனந்தம் பொங்கியது. வொயர்! வெறும் வொயர்! முருகனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "பாத்தியா தெய்வானை, வொயருதான்! உன்ற முருகன் இல்ல!" என்று கூவினேன்.

"நான் எப்பங் முருகன்னு சொன்னேன்?" என்றாள். "லைட்டுன்னுதான சொன்னேன்."

ஆகஸ்ட் 14, புதன்

நேற்றுப் பகல் முழுக்க வேனில் மெஷின் ஓடியது, இன்று தாராபுரம் வரை விளக்கோடு போய் வந்தேன், நாலு கோடு. தமிழ்ச்சுடருக்குப் படம் அனுப்பினேன். கை கூப்பி ஒரு பொம்மை அனுப்பினாள். கிளம்பலாம்.

நாச்சிமுத்து வொயரை இடம் மாற்றித் தருவதாகச் சொன்னார். பத்து நிமிஷ வேலையாம். கரூரில் பத்து நிமிஷ வேலை என்றால் பத்து நாள். நடுவில் காங்கயத்தில் அவருடைய குலதெய்வத்துக்குக் கிடாவெட்டு வேறு. பரவாயில்லை. காரணம் தெரிந்தபின் அது சாமி விளக்கு இல்லை, சிக்னல் விளக்கு. சார்ஜ் ஏறுகிறது என்று காட்டும் கருவி. ஒரு சுவிட்சைப் போட எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 19, திங்கள்

மன்றச் செயலாளர் தோழர் மதிவாணன் போன் செய்தார். மதுரையில் சுயமரியாதைத் திருமணம் ஒன்றுக்குத் தலைமை தாங்கப் போகிறாராம். "வியாழக்கிழமை கீழடிக்கு வேன்ல போறீங்களாமே தோழர், நானும் தொத்திக்கிறேன்" என்றார்.

வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாருங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன். திருப்பரங்குன்றம்

தெய்வானை காலையில் நல்ல நேரம் பார்த்துத் தன் துணிப்பையை வண்டியில் வைத்துவிட்டாள். அதுவே கிளம்பியதாகக் கணக்காம். நான் ஒன்றரை மணி ராகு காலத்தில் சாவியைத் திருப்பினேன். இருவர் கொள்கைக்கும் பழுதில்லை.

தோழர் மதிவாணன் முன்சீட்டில் உட்கார்ந்தார். அவர் ஏறுவதற்கு முன்னால் விளக்கை அணைத்து, மயில் மேல் என் துண்டைப் போட்டு மூடிவிட்டேன். தெய்வானை திரைக்குப் பின்னால் கட்டிலில் இருந்தாள். வழியெல்லாம் தோழர் நன்றாகப் பேசினார். இந்த வயதிலும் கொள்கையை விடாமல் அகழாய்வு பார்க்கப் போகிறவர்கள் நாட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி பிடித்திருந்தது. மதுரையில் அவரை இறக்கிவிட்டு இங்கே வந்தோம். தெய்வானை கும்பிட்டுவிட்டு வந்தாள். முதல் தேங்காய் உடைந்தது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, இரண்டு வருஷத்தில் நான் பார்க்காதது.

மீட்டரில் இரண்டு கோடு. நேற்றுப் பகலில் கொஞ்ச நேரம் மெஷினை வேனில் ஓட விட்டுப் பார்த்திருந்தேன். இவ்வளவு தூரம் ஓடியும் இரண்டுதானா என்று பட்டது. களைப்பாக இருக்கிறது. ஒரு ராத்திரிக்குத் தாங்கும். இங்கே கொசு இல்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி, காலை

கோயில் ஸ்பீக்கர் எழுப்பித்தான் விழித்தேன். மெஷின் சத்தம் இல்லை. கட்டில் காலி.

கால் தரையில் படுவதற்குள் என்னென்னவோ நினைத்துவிட்டேன். எழுத மாட்டேன்.

வேன் படியில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு. விடிவதற்கு வெகு நேரம் முன்பே மெஷின் நின்றுவிட்டதாம். மூச்சு முட்டி எழுந்திருக்கிறாள். அப்புறம் தூங்கவே இல்லை.

"தூங்குனாத்தானுங் பயம். அதான் உக்காந்துட்டேன்."

"என்னை எழுப்பறதுக்கென்ன?"

"நீங்க ரெண்டு வருசமாத் தூங்கலைங். கொசு கொசுன்னு சொல்லிட்டு என்ற மூச்சயே கேட்டுட்டுக் கெடக்கறீங். நேத்துத்தான் அசந்து தூங்குனீங். எழுப்ப மனசு வர்லைங்."

நான் டாஷ்போர்டைப் பார்த்தேன். துண்டு அப்படியே கிடந்தது.

"துண்டு போட்டது உனக்குத் தெரியுமா?"

"திரை சந்துல பாத்தேனுங்."

"சொல்லியிருக்கலாமல்ல? வழியில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருப்பேனே!"

"உங்க தோழரு முன்னால உங்களை எதுக்குங் சங்கடப்படுத்தறதுன்னு சும்மா இருந்தேன். ரெண்டு கோடு இருக்குது, தாங்கிரும்னு நெனச்சேன்."

என் மானத்தைக் காப்பாற்றத் தன் மூச்சைப் பணயம் வைத்திருக்கிறாள், அதைக் காய்கறி வாங்கிய மாதிரி சொல்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்த வேனையும் மன்றத்தையும் என்னையும் சேர்த்து எதில் போட்டு எரிப்பது? வாய் திறந்து மன்னிப்புக் கேட்க வரவில்லை. போய் இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். திரும்பிக் கரூருக்கே போய்விடலாம் என்றேன்.

"திருச்செந்தூருல கடல் இருக்குதுங். வாங் போலாம்" என்றாள்.

அதே நாள், இரவு. திருச்செந்தூர்

துண்டை எடுத்துக் கடாசிவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, வழி முழுக்க ஓட்டினேன். தூத்துக்குடி தாண்டும்போதே மீட்டரில் நாலு கோடு வந்துவிட்டது. அவள் கடல் பார்க்கும் ஆசையில் கண்ணை விரித்து வைத்துக்கொண்டே வந்தாள், தலை மட்டும் விழுந்து விழுந்து எழுந்தது. கோயில் வண்டி நிறுத்தத்தில் ஓரமாக, காற்று வரும் பக்கமாக நிறுத்தினேன். "சித்த படுத்துட்டு அப்பறம் போறேனுங்" என்றாள். மாஸ்க் மாட்டிவிட்டேன். இரண்டே நிமிஷத்தில் தூங்கிவிட்டாள்.

நாலு கோடு. முழுசு. வண்டியை அணைக்கலாம். கணக்குப்படி நாளைக் காலை வரை போதும். கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. என்ஜின் ஓடட்டும், விளக்கு எரியட்டும், சார்ஜர் விழித்திருக்கட்டும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நின்ற வண்டியில் பளிச் பளிச்சென்று முருகன் மின்னினால் திருச்செந்தூரில் யார் சும்மா போவார்கள்? கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒரு பஸ் நிறையப் பச்சைப் புடவைப் பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, இங்கன வாங்க! முருகன் மயில்மேல என்னமா மின்னுதாரு பாரு!"

பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு கிழவி "வெற்றிவேல் முருகனுக்கு" என்று தொண்டையைத் திறந்தாள். நான் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்து, பின்னால் திரையைக் காட்டி, கும்பிடு போட்டேன்.

அவர்கள் அப்படியே அடங்கிப்போனார்கள்.

"சத்தம் போடாதிய. சாமி மௌன விரதம்லா இருக்காவ!"

"பின்னால திரை போட்டு மூலஸ்தானம் வச்சிருக்காவ போல."

எனக்கு முன்னால் இரண்டே வழி. வாயைத் திறந்து நாற்பது வருஷ மேடைப் பேச்சில் ஒன்றை எடுத்து விடலாம். நன்றாகத்தான் பேசுவேன். அவர்களும் பதில் பேசுவார்கள், கிழவியின் தொண்டையை இப்போதுதான் கேட்டேன். தெய்வானை விழித்துவிடுவாள். இல்லாவிட்டால் சும்மா இருக்கலாம்.

சும்மா இருந்தேன்.

கிழவி பன்னீர் இலையைப் பிரித்து, உள்ளே இருந்த விபூதியை அள்ளி, ஜன்னல் வழியே கையை விட்டு என் நெற்றியில் பட்டை பட்டையாகப் பூசினாள். என் அம்மாவுக்குக்கூட நான் அந்த நெற்றியைக் கொடுத்ததில்லை. விபூதி மூக்கில் இறங்கித் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அடக்கினேன். "மூச்சடக்கித் தியானம் பண்ணுதாவ" என்றாள் ஒருத்தி. யாரோ கழுத்தில் ஒரு மாலை போட்டார்கள், யாரோ கையில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டாள். அது என் மீசையைப் பிடித்து இழுத்தது. அழுதுவிடப்போகிறதே என்று தொடையை ஆட்டி ஆட்டித் தாலாட்டினேன். குழந்தை சிரித்தது, கூட்டம் உருகியது.

"சாமி, எம் மவனுக்கு வேலை கிடைக்குமா? பேச வேண்டாம். தலைய மட்டும் ஆட்டுங்க" என்றாள் அந்தத் தாய்க்குப் பின்னால் நின்ற ஒரு பெண். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. வாக்குச் சொல்பவர்களைப் பற்றி நான் ஒரு புத்தகமே போட்டிருக்கிறேன், மன்ற வெளியீடு, முப்பத்திரண்டு பக்கம். கிடைக்கட்டும் என்று மனசார நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

ஒரு கூட்டம் போனால் அடுத்தது வந்தது. திரைக்குப் பின்னால் மெஷின் சீராக ஊதிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே நெற்றியைக் காட்டினேன். சாயங்காலம் வரை எத்தனை பேர் பூசினார்களோ தெரியாது, கண்ணிமைகூடக் கனத்தது.

பொழுது சாய்ந்தபோது மெஷின் நின்றது. திடுக்கிட்டுத் திரும்பினேன். அவளேதான் நிறுத்தியிருக்கிறாள். திரை விலகியது. மாஸ்க்கின் தடம் கன்னத்தில் பதிந்திருக்க, முகம் தெளிந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

விபூதிக்குள் நான். கழுத்தில் மாலை, கையில் எலுமிச்சம்பழம், மடியில் இரண்டு சீப்பு வாழைப்பழம். பழக்கதோஷத்தில் அவளையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கட்டிலில் விழுந்து, மேலே தொங்கும் பஸ் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. மாலையோடு பின்பக்கம் தாவிப் போய் மாஸ்க்கை எடுத்து அவள் முகத்தருகே கொண்டுபோனேன்.

என் கையைத் தட்டிவிட்டாள்.

"இருங்," என்றாள், "சிரிச்சு முடிச்சுக்கறேன்."